கெல்லர்மனின் ஓட்டக்காரர்கள்

ஜூலை மாதக் கடைசியில் தனியார் பள்ளியான கிரெஸ்ட்வெல் அகாடமியின் அமெரிக்க ஃபுட்பால் பயிற்சியாளர் கெல்லர்மன், ஜெனீவா பக்லியைத் தன் அறைக்கு வரச் சொன்னார். அவள் சாலைத் துறையில் லாரி ஓட்டுகிறவள். குளிர்காலத்தில் பனியை வழித்து உப்புத் தூவுவாள், கோடையில் தார் கொண்டுபோவாள். அன்றைக்குத் தார் வேலை. வேலை முடிந்த கையோடு பூட்ஸைக்கூட மாற்றாமல் போய்விட்டாள். அவர் அறையில் வெளிர் நிறக் கம்பளம் விரித்திருந்தது. கெல்லர்மன் கம்பளத்தைப் பார்த்தார், பூட்ஸைப் பார்த்தார்.

"உட்காருங்க மிஸஸ் பக்லி. காபி கொண்டுவரச் சொல்லவா?"

"வேணாம். ராய்ஸ் ஏதாவது பண்ணிட்டானா?"

"சேச்சே. ராய்ஸ் தங்கமான பையன். எங்க எல்லாருக்கும் அவனை ரொம்பப் பிடிக்கும்." கெல்லர்மன் கைகளைக் கோத்து மேசைமேல் வைத்துக்கொண்டார். "அதனாலதான் உங்களை நேர்ல கூப்பிட்டேன். கடைசி வருஷம் அவனுக்கு வேற ஒரு இடம் இன்னும் பொருத்தமா இருக்கும்னு நாங்க நினைக்கிறோம்."

ஜெனீவாவுக்கு ஒரு கணம் விளங்கவில்லை. வேறு இடம் என்றதும் மைதானத்தில் வேறு இடம் என்று நினைத்துக்கொண்டாள். முட்டி அறுவைக்குப் பிறகு மகன் முன்போல ஓட முடியவில்லை என்பது அவளுக்குத் தெரியும். பந்தோடு ஓடுவதை விட்டுவிட்டு எதிராளியை மறித்து நிற்கச் சொல்கிறார்கள் போல என்று எண்ணினாள்.

"மறிக்கிற வேலைன்னாலும் செய்வான். அவன் ஒண்ணும் சொல்ல மாட்டான்."

"நான் ஸ்கூலைச் சொன்னேன்" என்றார் கெல்லர்மன். "உதவித்தொகைக் கமிட்டி இந்த வருஷம் அவனுக்குப் புதுப்பிக்கல. அது என் கையில இல்ல."

"போன ரெண்டு வருஷமும் யார் கையில இருந்துச்சு?"

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். அவளும் பார்த்தாள். கீழே பச்சைப் பசேலென்ற செயற்கைப் புல்லில் பையன்கள் தலைக்கவசத்தோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். ராய்ஸின் எண் போட்ட சட்டையில் வேறொருவன் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு பேருக்கு நடுவே வழுக்கிக்கொண்டு போனான். நல்ல ஓட்டம். அதைக்கூட அவளால் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

"யார் அது?"

"மலாக்கி ப்ரூவிட். ஆல்டர் பாயிண்ட்ல ஒன்பதாவது முடிச்சிட்டு வந்திருக்கான்."

"என் பையனோட வேர்வை காயறதுக்குள்ள அந்தச் சட்டையை இன்னொருத்தனுக்கு மாட்டிட்டீங்க."

"மிஸஸ் பக்லி, உங்க மனசு புரியுது."

"புரியாது" என்று எழுந்தாள். வாசலில் நின்று இரண்டு பூட்ஸையும் அந்தக் கம்பளத்தில் ஒருமுறை நன்றாகத் தேய்த்துவிட்டுத்தான் வெளியே போனாள்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் இதே மனிதர்தான் அவள் வீட்டுச் சமையலறையில் உட்கார்ந்து பன்றி இறைச்சி வறுவலையும் ஆப்பிள் மசியலையும் இரண்டாம் முறை கேட்டு வாங்கிச் சாப்பிட்டார். ராய்ஸ் அப்போது அவர்கள் ஊரான கோல்டரின் பள்ளியில் ஒன்பதாவது முடிக்கும் தறுவாயில் இருந்தான். அந்த வயதிலேயே பெரிய பையன்களையெல்லாம் தள்ளிக்கொண்டு ஓடுவான். "ஆட்டக்காரங்களைத் தேடற கல்லூரிக்காரங்க வெள்ளிக்கிழமை ஆட்டத்துக்கு எங்க மைதானத்துக்குத்தான் வர்றாங்க. கோல்டருக்கு யார் வர்றா, நீங்களே சொல்லுங்க" என்றார் கெல்லர்மன். அது உண்மை. உருக்காலை மூடியதிலிருந்து கோல்டருக்கு வருகிறவர்கள் குறைந்துபோனார்கள். மைதானத்து விளக்குகளில் பாதி எரியாது. "அவனை என் சொந்தப் பையன் மாதிரி பார்த்துக்குவேன்" என்றும் சொன்னார். புருஷன் விட்டுப்போய் அரிசோனாவில் வேறு குடும்பம் வைத்துக்கொண்டிருந்த நேரம் அது. அந்த வார்த்தை எந்த இடத்தில் போய்த் தைக்கும் என்று அந்த மனிதருக்குத் தெரிந்திருந்தது.

ஊர் அவளைச் சும்மா விடவில்லை. கோல்டர் பள்ளியின் பயிற்சியாளர் ஸ்டான் ஓரவெக் அவளோடு ஒரே வகுப்பில் படித்தவன். அவன் வீட்டு முன்னால் வந்து நின்று, "கொண்டுபோ. ஆனா அங்க உதைச்சுத் தள்ளினாங்கன்னா இங்க வந்து அழாத" என்று தெருவுக்கே கேட்கும்படி சொல்லிவிட்டுப் போனான். இறைச்சிக் கடையில் அவளைக் கடைசியாகக் கவனித்தார்கள். கார் கண்ணாடியில் யாரோ சோப்பால் 'எவ்வளவுக்கு வித்தே?' என்று எழுதி வைத்தார்கள். அவள் அதைத் துடைக்காமல் அப்படியே ஒரு வாரம் ஓட்டினாள். மழைதான் கழுவியது.

போன அக்டோபரில் முட்டி போயிற்று. கிரெஸ்ட்வெல், கோல்டர், இன்னும் ஆற்றங்கரையை ஒட்டிய ஆறு பள்ளிகள் சேர்ந்து ஒரு கூட்டமைப்பு வைத்திருக்கின்றன. கான்ஃபரன்ஸ் என்பார்கள். அதன் பட்டத்துக்கான ஆட்டம் அது. பாதி ஆட்டத்தில் ராய்ஸின் முட்டி வீங்கிவிட்டது. பள்ளி மருத்துவர் உட்காரச் சொன்னார். கெல்லர்மன் அவன் முன்னால் குந்தி உட்கார்ந்து, "உனக்கு இது எவ்வளவு வேணும்னு நீதான் சொல்லணும்" என்றார். பதினாறு வயதுப் பையன் அதற்கு என்ன சொல்வான்? எழுந்து போனான். மூன்றாவது ஓட்டத்தில் தசைநார் அறுந்தது. கிரெஸ்ட்வெல் பட்டம் வாங்கியது.

அன்றைக்குக் கெல்லர்மன் அறையிலிருந்து வீட்டுக்கு வந்தபோது ராய்ஸ் கொல்லைப்புறத்தில் புல் வெட்டிக்கொண்டிருந்தான். இயந்திரத்தை நிறுத்தச் சொல்லிச் சைகை காட்டினாள். விஷயத்தைச் சொன்னாள். அவன் முகம் மாறவே இல்லை.

"உனக்குத் தெரியுமா?"

"ஜூன்லயே சொல்லிட்டாங்கம்மா."

"ஜூன்லயா? ரெண்டு மாசமா எங்கடா போயிட்டிருந்த, காலையில பயிற்சிக்குன்னு பையைத் தூக்கிக்கிட்டு?"

"லைப்ரரிக்கு. அப்புறம் ஆத்துப் பக்கம் ஓடுவேன். முட்டிக்கு நல்லதுன்னு டாக்டர் சொன்னாரில்ல."

"என்கிட்ட ஏன்டா சொல்லல?"

"நீ இப்படி நிப்பேன்னுதான்" என்றான். "கையை இறுக்கிக்கிட்டு."

அவள் குனிந்து பார்த்தாள். இரண்டு கையும் முஷ்டியாகத்தான் இருந்தன.

மறுநாள் மாலை ஓரவெக்கைத் தேடிப் போனாள். அவன் மைதானத்தில் தள்ளுவண்டி வைத்துச் சுண்ணாம்புக் கோடு போட்டுக்கொண்டிருந்தான். அவளைப் பார்த்தும் நிற்கவில்லை. கோட்டின் முடிவுவரை போய், திரும்பி வந்தான்.

"என்ன, கம்பளம் போட்ட ஊருக்கு வழி தப்பிடுச்சா?"

"அழறதுக்கு வரல ஸ்டான். நீதான் அழாதன்னுட்டியே."

"அப்ப எதுக்கு வந்த?"

"அவனைத் தூக்கிப் போட்டுட்டாங்க. ஆகஸ்ட்ல இங்க சேர்க்கறேன். ஆட விடுவியா மாட்டியா?"

ஓரவெக் தொப்பியைக் கழற்றி நெற்றியைத் துடைத்தான். அவன் முகத்தில் வெற்றிக் களை வரும் என்று அவள் எதிர்பார்த்திருந்தாள். அதற்குப் பதில் சொல்லவும் தயாராக இருந்தாள். ஆனால் அவன் சுண்ணாம்பு வண்டியை எட்டி ஒரு உதை விட்டான். வண்டி சாய்ந்து புல்லில் வெள்ளையாகக் கொட்டியது.

"இது மூணாவது பையன்" என்றான். "ஆல்டர் பாயிண்ட்ல ஒருத்தன், மில்ஃபர்ட் ரோட்ல ஒருத்தன், இப்ப இவன். கெல்லர்மன் கூட்டிட்டுப் போறான், உடைஞ்சதும் வீட்டு வாசல்ல போட்டுட்டுப் போயிடறான். நான் ஆட விடுவேன்டி. நான் விட்டா மட்டும் போதுமா?"

பிறகு விதியைச் சொன்னான். பத்தாவதில் சேர்ந்த பிறகு கான்ஃபரன்ஸுக்குள்ளேயே ஒரு பள்ளியிலிருந்து இன்னொரு பள்ளிக்குப் போகிற பையன் ஒரு வருஷம் ஆடக் கூடாது. ஆட்டத்துக்காக மாறவில்லை, வேறு வழியில்லாமல் மாறினான் என்று பழைய பள்ளி ஒப்புக்கொண்டால் மட்டும் விலக்கு உண்டு.

"ஒத்துக்கட்டுமே. துரத்தினது அவங்கதானே?"

"எப்படி ஒத்துக்குவாங்க? அந்த உதவித்தொகை ஏழைக் குடும்பத்துக்குன்னுதான் பேரு. ஆட்டக்காரனுக்குக் கொடுக்கக் கூடாது, அது குத்தம். நீ போன வருஷம் ஏழையா இருந்த, இந்த வருஷம் பணக்காரி ஆயிட்டியா? முட்டி போனதும் நிறுத்தினோம்னு வாயைத் திறந்தா, முட்டிக்காகத்தான் கொடுத்தோம்னு ஆயிடும். அவனா போயிட்டான்னுதான் சொல்வாங்க."

"நான் போய் உண்மையைச் சொல்றேன்."

"சொன்னா, நீயும் வாங்கினேன்னு ஆகும். அதுவும் குத்தம்தான் ஜெனீவா. யோசிச்சுக்க."

அவள் யோசித்தாள். தார் லாரியில் போகும்போதும், பாத்திரம் கழுவும்போதும் யோசித்தாள். வாயை மூடிக்கொண்டால் மகன் இந்த வருஷம் ஆட முடியாது. கடைசி வருஷம். கல்லூரிக்காரர்கள் யாரும் அவனைப் பார்க்கப் போவதில்லை. வாயைத் திறந்தாலும் அதே கதிதான் என்கிறான் ஸ்டான். இரண்டும் ஒன்றென்றால் எதற்கு மூடிக்கொண்டிருக்க வேண்டும்?

ராய்ஸிடம் கேட்டாள். "சொன்னா உன் பேரும் கெடும். சொல்லட்டுமா?"

அவன் தட்டில் இருந்த சோளத்தைக் கிளறினான். "மலாக்கின்னு ஒருத்தன் வந்திருக்கான்மா. நல்லா ஓடறான். பாவம், அவனுக்கு எதுவும் தெரியாது" என்றான். அதைச் சம்மதம் என்று அவள் எடுத்துக்கொண்டாள்.

விசாரணை ஆகஸ்ட் நடுவில், ஒரு பள்ளி நூலகத்தில் நடந்தது. சம்பந்தப்பட்ட இரண்டு பள்ளிகளும் நீங்கலாக மற்ற ஆறு பள்ளிகளின் முதல்வர்கள் நீள மேசைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஃபென்விக் என்கிற அம்மாள். மூக்குக் கண்ணாடியைச் சங்கிலியில் தொங்கவிட்டிருந்தாள். கெல்லர்மன் முதலில் பேசினார். குரலை உயர்த்தவே இல்லை. ராய்ஸ் அருமையான பையன் என்றார். காயத்துக்குப் பிறகு தனக்கு அதிக நேரம் ஆடக் கிடைக்காது என்று அவனாகவே மனம் சோர்ந்து விலகினான் என்றார். அவனுக்கு நல்லதே நடக்க வேண்டும் என்று வாழ்த்தினார்.

ஜெனீவா எழுந்தாள். தேவாலயத்துக்குப் போகும்போது போடும் நீலச் சட்டையைப் போட்டிருந்தாள். கழுத்துப் பட்டை இறுக்கியது.

"இந்தாளு என் வீட்டுக்கு வந்தாரு" என்று ஆரம்பித்தாள். "பத்தாவதுக்கு முந்தின வசந்தத்துல. என் மேசையில உட்கார்ந்து சாப்பிட்டாரு. அனுப்புங்க, ஒரு காசு கட்ட வேணாம்னாரு. நான் எந்தக் கமிட்டியையும் பார்க்கல. எவ்வளவு சம்பாதிக்கிறேன்னு ஒருத்தரும் என்னைக் கேட்கல. என் பையன் எவ்வளவு வேகமா ஓடுவான்னுதான் கேட்டாங்க."

ஓரவெக் பின்வரிசையில் தலை குனிந்துகொண்டான்.

"மிஸஸ் பக்லி" என்றாள் ஃபென்விக். "நீங்க சொல்றது என்னன்னு உங்களுக்குத் தெரியுதா? விதிக்குப் புறம்பான சலுகையை ஏத்துக்கிட்டோம்னு சொல்றீங்க."

"ஆமா. ஏத்துக்கிட்டேன். அம்மாவா இருந்தா நீங்களும் ஏத்துக்குவீங்க. கொடுத்தவரும் இங்கதான் உட்கார்ந்திருக்காரு. அவரையும் அதே கேள்வி கேளுங்க."

கேட்டார்கள். கெல்லர்மன் வருத்தத்தோடு சிரித்தார். புது மாணவர்களின் வீட்டுக்குப் போவது தங்கள் பள்ளியின் வழக்கம் என்றார். ஒரு தாயின் ஏமாற்றத்தைத் தான் மதிப்பதாகவும், எதிர்த்துப் பேச விரும்பவில்லை என்றும் சொன்னார்.

அரைமணி நேரம் கதவைச் சாத்திக்கொண்டு பேசிவிட்டு முடிவைச் சொன்னார்கள். தகாத சலுகை பெற்றதாகத் தாயே ஒப்புக்கொண்டதால் ராய்ஸ் பக்லி இந்தப் பருவம் முழுதும் ஆடத் தகுதி இழக்கிறான். பயிற்சியில் கலந்துகொள்ளலாம். கிரெஸ்ட்வெல் அகாடமி இனிமேல் புது மாணவர் வீடுகளுக்குப் போகும்போது கூடுதல் கவனத்தோடு இருக்கும்படி கேட்டுக்கொள்ளப்படுகிறது. போன வருஷப் பட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"கேட்டுக்கொள்ளப்படுகிறதா?" என்றாள் ஜெனீவா. "கேட்டுக்கிட்டா போதுமா? அப்ப என் பையனையும் கேட்டுக்கோங்களேன். அவன் ரொம்ப மரியாதையானவன், கேட்டா கேட்பான்."

"கூட்டம் முடிஞ்சுது மிஸஸ் பக்லி."

வாகனம் நிறுத்துமிடத்தில் ஓரவெக் அவள் பக்கத்தில் வந்து நடந்தான். "அந்த ஆறு பேர்ல நாலு பேரோட ஸ்கூலுக்குக் கிரெஸ்ட்வெல் ஆட்டத்துலதான் வருஷத்துக்கே பெரிய கூட்டமும் டிக்கெட் காசும்" என்றான். "கிரெஸ்ட்வெல் மேல கை வைப்பாங்கன்னு நான் நினைக்கவே இல்ல. ஆனா நீ எழுந்து நின்ன பாரு."

"வாயை மூடு ஸ்டான்."

"சரி."

வீடு திரும்புகிற வழியில் அவள் காரை ஆல்டர் பாயிண்ட் பக்கம் திருப்பினாள். ப்ரூவிட் குடும்பத்தைக் கண்டுபிடிப்பது கஷ்டமாக இல்லை. பெட்ரோல் பங்கில் கேட்டதும் கையைக் காட்டினார்கள். மலாக்கியின் அம்மா ரோஷெல் கதவைத் திறந்தாள். முதியோர் இல்லத்தில் வேலை செய்பவர்கள் போடுகிற சீருடை. அப்போதுதான் வேலையிலிருந்து வந்திருக்க வேண்டும், ஒரு காலில் மட்டும் செருப்பு.

ஜெனீவா தான் யாரென்று சொன்னாள். கெல்லர்மன் என்ன சொல்லி அழைத்துப் போனார், முட்டி வீங்கியபோது என்ன சொன்னார், பிறகு என்ன செய்தார் என்றெல்லாம் வாசலில் நின்றபடியே சொன்னாள். சொல்லச் சொல்ல அவள் குரல் ஏறியது. ரோஷெல் கதவுப் பிடியை விடவே இல்லை.

"முடிஞ்சுதா?" என்றாள் ரோஷெல்.

"அந்தாளு உங்க பையன்கிட்ட முட்டியைப் பத்திக் கேட்டா, 'உனக்கு எவ்வளவு வேணும்'னு கேட்டா, அப்பவே கூட்டிட்டு வந்துருங்க. அதைத்தான் சொல்ல வந்தேன்."

"உங்க பையன் இடம் போயிடுச்சு. அந்த வயித்தெரிச்சல்ல வந்திருக்கீங்க. எனக்குப் புரியாம இல்ல. என் பையனுக்கு ஒரு வழி பிறந்திருக்கு. தயவுசெஞ்சு போயிடுங்க."

கதவு மூடியது. மெதுவாகத்தான் சாத்தினாள். ஜெனீவா படியிலேயே கொஞ்சம் நின்றாள். தானாக இருந்தால் ஓங்கிச் சாத்தியிருப்பாள். யாராவது இரண்டு வருஷத்துக்கு முன்னால் வந்து இதையே சொல்லியிருந்தால், காரில் ஏறும்வரை திட்டி அனுப்பியிருப்பாள். அதை நினைக்க நினைக்க ஆத்திரம் இன்னும் கூடியது. இப்போது யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

பருவம் தொடங்கியது. ராய்ஸ் தினமும் பயிற்சிக்குப் போனான். அந்த வாரம் எதிர்த்து ஆடப்போகிற பள்ளியின் ஓட்டக்காரன் எப்படி ஓடுவானோ அப்படி ஓடிக் காட்டுவதும், கோல்டர் பையன்கள் அவனைப் பிடித்துக் கீழே தள்ளிப் பழகுவதும்தான் அவன் வேலை. வெள்ளிக்கிழமை ஆட்டங்களில் சாதாரண உடுப்பில் ஓரமாக நின்று தண்ணீர் பாட்டில் நீட்டினான். முதல் வாரம் ஊர்ப் பையன்கள் அவனை 'இளவரசே' என்று கூப்பிட்டார்கள். "இளவரசே, இந்தப் புல்லு நிஜப் புல்லுங்க, ஒட்டிக்கும்" என்பார்கள். அவன் சிரித்துக்கொண்டான். ஒரு மாதத்தில் அந்தப் பெயர் தானாக உதிர்ந்துபோயிற்று.

ஓரவெக் ஒரு காரியம் செய்தான். வேறு பையனைப் பார்க்க இந்தியானாவிலிருந்து வந்த ஒரு சின்னக் கல்லூரியின் பயிற்சியாளரைப் பிடித்து, செவ்வாய்க்கிழமைப் பயிற்சிக்கு இழுத்துவந்தான். அவர் வேலியோரம் நின்று ராய்ஸைக் கவனமாகப் பார்த்தார். பிறகு, "கண்ணு நல்லா இருக்கு. எதிராளுங்க நடுவுல எந்த இடைவெளி திறக்கும்னு முன்னாடியே தெரியுது. கால்தான் பின்னாடியே வருது" என்றார். பணம் எதுவும் தர முடியாது, தானே கட்டிச் சேர்ந்தால் அணியில் முயன்று பார்க்கலாம் என்றார். ஓரவெக் அதை நல்ல சேதி போலக் கொண்டுவந்து ஜெனீவாவிடம் சொன்னான். அவள் கையிலிருந்த மண்வெட்டியைச் சுவரில் சாய்த்துவிட்டு, "நன்றி ஸ்டான்" என்று மட்டும் சொன்னாள். அவளிடமிருந்து அந்த வார்த்தையை அவன் எதிர்பார்க்கவே இல்லை.

கடைசி ஆட்டம் கிரெஸ்ட்வெல்லோடு, அவர்கள் மைதானத்தில். சாயங்காலத்திலேயே குளிர் இறங்கிவிட்டது. கோல்டரிலிருந்து வந்தவர்கள் எதிர்ப்பக்கத்துச் சின்ன இருக்கை வரிசையில் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்தார்கள். பாதி ஆட்டத்துக்குள் கிரெஸ்ட்வெல் மூன்று முறை எல்லையைத் தொட்டிருந்தது. இரண்டு தடவை மலாக்கி. ஜெனீவா அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டாவது தடவை எழுந்திருக்கும்போது இடது காலை ஊன்றாமல் துள்ளினான்.

இடைவேளை முடிந்து ஆட்டம் மறுபடி ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், இருக்கைகளுக்குக் கீழே ஒரு பெண் ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டு வந்தாள். ரோஷெல். கிரெஸ்ட்வெல்லின் தங்க நிறச் சால்வையைப் போர்த்தியிருந்தாள். கோல்டர்க்காரர்கள் ஓரிருவர் சீட்டியடித்தார்கள்.

"மிஸஸ் பக்லி" என்றாள். மூச்சு வாங்கியது. "அன்னைக்கு முட்டின்னீங்களே. எப்படி வீங்கிச்சு உங்க பையனுக்கு? உள்பக்கமா?"

"உள்பக்கம். எலும்புக்குக் கீழ, முட்டை மாதிரி."

"அவங்க இப்ப கட்டு போடறாங்க. நான் கம்பி வேலியில நின்னு பார்த்தேன். கூப்பிட்டேன், திரும்பல. அந்தாளு அவன் முன்னாடி குந்தி உட்கார்ந்திருக்காரு."

ஜெனீவா அதற்குமேல் கேட்கவில்லை. இரண்டு பேரும் மைதானத்தைச் சுற்றி, ஓட்டப் பாதையில், கிட்டத்தட்ட ஓடினார்கள். வேலியின் சின்னக் கதவில் ஒரு காவல்காரர் நின்றார். "அம்மா, உள்ள போகக் கூடாது" என்றார். "நான் அவன் அம்மா" என்றாள் ரோஷெல். "நீங்க?" என்றார் ஜெனீவாவிடம். "இன்னொருத்தனோட அம்மா" என்று சொல்லி அவரை ஒதுக்கிக்கொண்டு போனாள்.

மலாக்கி தலைக்கவசத்தை மாட்டிக்கொண்டு எழுந்துகொண்டிருந்தான். ரோஷெல் நேராகப் போய் அவன் சட்டையைப் பிடித்தாள்.

"உட்காரு."

"அம்மா, ப்ளீஸ். எல்லாரும் பார்க்கறாங்க."

"பார்க்கட்டும். உட்காருடா."

கெல்லர்மன் திரும்பினார். முதல் முறையாக அவர் குரல் உயர்ந்ததை ஜெனீவா கேட்டாள். "இவங்களை யார் உள்ள விட்டது? மிஸஸ் ப்ரூவிட், பையன் நல்லா இருக்கான், அவனே சொன்னான்."

"என் பையனும் அப்படித்தான் சொன்னான்" என்றாள் ஜெனீவா.

அவர் அவளைப் பார்த்தார். "நீங்க இங்க என்ன பண்றீங்க? உங்களுக்கு இதுல என்ன சம்பந்தம்?"

"டாக்டரைக் கூப்பிடுங்க. அவர் ஆடலாம்னு சொன்னா நான் போயிடறேன்."

மருத்துவர் நாலடி தள்ளி நின்றுகொண்டிருந்தார். போன வருஷம் இருந்த அதே மனிதர். அவர் கெல்லர்மனைப் பார்த்தார், பிறகு இரண்டு பெண்களையும் பார்த்தார். "உட்கார வைக்கணும்னுதான் நான் சொன்னேன்" என்றார். சத்தமே வரவில்லை.

"போன வருஷமும் இப்படித்தான் சொன்னீங்களா?" என்றாள் ஜெனீவா. "இவ்வளவு சன்னமா?"

மருத்துவர் கட்டுத் துணியைப் பைக்குள் திணித்தார்.

மலாக்கி அழ ஆரம்பித்தான். அவமானமா, வலியா என்று தெரியவில்லை. ரோஷெல் அவன் கவசத்தைக் கழற்றிப் புல்லில் வைத்தாள். ஒரு பக்கம் அவளும் ஒரு பக்கம் ஜெனீவாவும் தாங்கி அவனை வேலிக்கு வெளியே நடத்திக்கொண்டு போனார்கள். தங்க நிறச் சால்வைகள் நிறைந்த இருக்கைகளிலிருந்து கூச்சல் எழுந்தது. யாரோ காகிதக் கோப்பையை வீசினார்கள். ஜெனீவாவின் தோளில் பட்டுக் கோக் வழிந்தது. அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஆட்டத்தைக் கிரெஸ்ட்வெல்தான் ஜெயித்தது. வேறொரு பையன் பந்தை வாங்கிக்கொண்டு ஓடினான். முடிந்ததும் கெல்லர்மன் வழக்கம்போல எதிரணியோடு கைகுலுக்க வந்தார். ஓரவெக் கையைப் பைக்குள் வைத்துக்கொண்டான். ராய்ஸ் மட்டும் கையை நீட்டினான். அதை ஜெனீவா தூரத்திலிருந்து பார்த்தாள். காரில் ஏறியதும் கேட்டுவிட்டாள்.

"அந்தாளுக்கு எதுக்குடா கை கொடுத்த?"

"முட்டி எப்படி இருக்குன்னு கேட்டாரு. குளிர்ல வலிக்குதுன்னேன். கையை விடாம நின்னேன். அவருக்கு அப்புறம் என்ன சொல்றதுன்னு தெரியல. கையை உருவிக்கவும் முடியல." ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான். "நீ கத்தறதைவிட அது அவருக்குக் கஷ்டமா இருந்துச்சும்மா."

"நான் கத்தல."

"மைதானம் பூரா கேட்டுச்சு."

மலாக்கிக்குத் தசைநார் அறுந்திருக்கவில்லை, ஓரளவு கிழிந்திருந்தது. கத்தி வைக்காமலே ஆறும் என்றார்கள். அவன் கிரெஸ்ட்வெல்லில் தொடர்ந்தானா, ஆல்டர் பாயிண்டுக்கே திரும்பினானா என்று ஜெனீவா கேட்டுக்கொள்ளவில்லை. கிறிஸ்துமஸுக்கு ரோஷெல் ஒரு டப்பா நிறைய இஞ்சி பிஸ்கட் அனுப்பினாள். கூட ஒரு வார்த்தையும் எழுதவில்லை. ஜெனீவாவும் பதிலுக்கு எதுவும் எழுதாமல் டப்பாவை நிரப்பித் திருப்பி அனுப்பினாள்.

ராய்ஸ் இந்தியானாவுக்குப் போகவில்லை. கல்லூரிச் செலவுக்குக் கடன் வாங்கி, காலும் வராமல் ஓரத்தில் நிற்பதற்கா என்றான். பக்கத்து ஊரில் நில அளவைப் படிப்பில் சேர்ந்தான். மாலையில் ஓரவெக்கின் சின்னப் பையன்களுக்கு இடைவெளி எப்படித் திறக்கும் என்று சொல்லிக்கொடுத்தான். சந்தோஷமாகத்தான் இருந்தான். ஜெனீவாவால்தான் அந்தச் சந்தோஷத்தை நம்ப முடியவில்லை. அவன் சிரிக்கும்போதெல்லாம், இன்னொரு சிரிப்பு இருந்திருக்க வேண்டிய இடத்தை அவள் பார்த்தாள்.

பிப்ரவரியில், பெரிய பனிப்புயலுக்கு மறுநாள், அவள் கிடங்கில் லாரிக்கு உப்பு ஏற்றிக்கொண்டிருந்தபோது ஓரவெக் வந்தான். கோல்டர் பள்ளியின் சார்பில் கான்ஃபரன்ஸ் கூட்டத்துக்குப் போய்விட்டு நேரே வந்திருந்தான்.

"புது விதி ஒண்ணு போட்டிருக்காங்க" என்றான்.

அவள் இயந்திரத்தை நிறுத்தினாள். "எதைப் பத்தி?"

"வேலியைப் பத்தி. ஆட்டம் நடக்கும்போது பெத்தவங்க யாரும் தாண்டி உள்ள வரக் கூடாது. வந்தா அந்தப் பையனை அடுத்த ஆட்டத்துக்கு நீக்குவாங்க. ஆறுக்கு ரெண்டுன்னு நிறைவேத்திட்டாங்க. நானும் ஆல்டர் பாயிண்ட்காரனும்தான் எதிர்த்தோம்."

"அவ்வளவுதானா? வேற எதுவும் இல்லையா?"

"வேற எதுவும் இல்ல."

அவள் கையுறையைக் கழற்றினாள், திரும்ப மாட்டிக்கொண்டாள். "அடுத்த கூட்டம் எப்ப?"

"ஏப்ரல்ல."

"யாரு வேணாலும் வரலாமா?"

"வரலாம். பேசறதுக்கு மூணு நிமிஷம் கொடுப்பாங்க."

"ரோஷெலுக்கும் மூணு நிமிஷம், எனக்கும் மூணு. அந்தாளு தூக்கிப் போட்ட மில்ஃபர்ட் ரோட் பையனுக்கும் அம்மா இருப்பா இல்ல?" என்று லாரியில் ஏறிக் கதவை ஓங்கிச் சாத்தினாள். "அவ பேரைக் கேட்டுச் சொல்லு ஸ்டான்."